உழைக்கும் காலணி

எங்கள் மதரஸாவின் வாசற்படியில் நாள்தோறும் இருவேளை காலணிகள் வரிசை கட்டி நிற்கும். மாணவர்களின் முகத்தைப் பாராமலேயே அவர்தம் இல்லத்து நிலையை அவ்வரிசையில் படித்துவிடலாம். அறுந்த வாருக்கு ஊக்குக் குத்தியவை, அண்ணன் அணிந்து தம்பிக்கு வந்தவை, சென்ற மாதம் வாங்கி இந்த மாதமே வாய் பிளந்தவை என எத்தனையோ வகை! அவற்றின் ஓரத்தில் என்னுடைய பழுப்பு நிறப் 'போட் ஷூ' ஒன்பது ஆண்டுகளாக இடம் பிடித்திருக்கிறது.

ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் என் மைத்துனர், ஒரு நோன்புப் பெருநாளன்று அதனைக் கொண்டுவந்து கொடுத்தார். "மச்சான், இது நல்லா உழைக்கும். வெயில்ல மட்டும் காயப் போடாதீங்க" என்றார். அன்று முகமன் என்று எண்ணிய அச்சொல் உண்மை என்பதை இன்று உணர்கிறேன். இடையில் இரு முறை அடிப்பாகத்தை மாற்றியதைத் தவிர அதற்கு வேறு செலவில்லை.

சென்ற ஆண்டு என் மகன் ஓசூரில் ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் புறப்பட்டான். அதே போன்ற காலணி வேண்டுமென்றான். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் எனக்குப் பெருந்தொகையாகத் தெரிந்தது. பார்வைக்கு அச்சு அசலாக இருந்த ஒன்றை அறுநூறு ரூபாய்க்கு வாங்கித் தந்தேன். மூன்றாம் மாதம், தேர்வு நாளன்று பெய்த மழையில், பேருந்து நிலையத்திலேயே அதன் அடிப்பாகம் கழன்றுவிட்டது. சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு உள்ளே சென்றிருக்கிறான். "அவங்க கேட்ட கேள்வியைவிட, காலை நாற்காலிக்கு அடியில மறைக்கிறதுலதான் அத்தா என் கவனம் இருந்துச்சு" என்று அவன் சொன்னபோது என்னால் தலை நிமிர இயலவில்லை.

ஒரே தோற்றமுடைய இரு காலணிகளில் ஒன்று உழைப்பதும் மற்றொன்று உதிர்வதும் எதனால்? அதை அறிய இக்காலணியின் பிறப்பைச் சற்றே பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த பால் ஸ்பெர்ரி என்பவர் பாய்மரப் படகோட்டுவதில் நாட்டம் கொண்டவர். ஈரமான படகுத் தளத்தில் கால் வழுக்குவது அவருக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. தம் வளர்ப்பு நாய் பனிக்கட்டியின்மீது வழுக்காமல் ஓடுவதைக் கண்டு, அதன் பாதத்தை உற்று நோக்கினார். அதிலிருந்த நுண்ணிய வெடிப்புகளைப் போலவே ரப்பர் அடிப்பாகத்தில் நெளிநெளியாகக் கீறல்களை இட்டார். 1935 ஆம் ஆண்டு 'போட் ஷூ' பிறந்தது. பின்னர் அமெரிக்கக் கடற்படையினரும் அதனை அணிந்தனர்.

அதன் உறுப்பு ஒவ்வொன்றும் ஒரு தேவைக்காக அமைந்தது. உப்பு நீரைத் தாங்க எண்ணெய் ஊட்டிய தோல்; துருப்பிடிக்காதிருக்கப் பித்தளைக் கண்ணிகள்; குதிகாலைச் சுற்றிவந்து காலணியை இறுக்கிப் பிடிக்கத் தோல் நாடா; தளத்தில் கறை படியாதிருக்க வெண்ணிற அடிப்பாகம். சிறந்த வகையில் தோல் பாதத்தின் அடியிலும் தொட்டிலைப் போல் தாங்கி வந்து, மேற்புறத் தோலுடன் கையால் தைக்கப்படும். பின்னர் அடிப்பாகமும் அதனுடன் தைக்கப்படும். தைத்ததைப் பிரித்து மீண்டும் தைக்கலாம். வெறும் பசையால் ஒட்டியதோ வெயிலிலும் மழையிலும் நெகிழ்ந்து விடும். என் மகனின் காலணியில் இருந்த தையல், தையலே அன்று. தையல் போன்று அழுத்திய அச்சு!

குறையையும் மறைப்பதற்கில்லை. படகுத் தளத்திற்காகப் பிறந்த இதன் மென்மையான அடிப்பாகம், சரளைக் கல்லிலும் தார்ச்சாலையிலும் விரைந்து தேயும். நாள் முழுதும் நடப்போருக்கும் சுமை தூக்குவோருக்கும் இது ஏற்றதன்று.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. தோலின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல், துணியின்மீது பூச்சு தெரிந்தால் போலி. மேற்புறம் கண்ணாடி போல் ஒரே சீராக இருப்பின் ஐயுறுங்கள். இயற்கைத் தோலில் மயிர்க்கால்களும் சிறு வடுக்களும் இருக்கும். அடிப்பாகத்தைச் சுற்றியுள்ள நூல் மெய்யாகவே ஊடுருவிச் செல்கிறதா என உட்புறத்தில் தேடுங்கள். வாங்கியபின் நாள்தோறும் அணியாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் அணியுங்கள். நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். அவ்வப்போது தோலுக்குரிய எண்ணெயைச் சிறிது தடவுங்கள்.

இனிக் கணக்கைப் பாருங்கள். என் காலணியின் விலை 3,500 ரூபாய், பழுதுபார்த்தது 1,000 ரூபாய் என வைத்தாலும் ஆண்டுக்கு 500 ரூபாய்தான். மூன்று மாதமே உழைக்கும் 600 ரூபாய்க் காலணிக்கோ ஆண்டுக்கு 2,400 ரூபாய். ஏழையே அதிகம் கொடுக்கிறான்! ஒரே தவணையில் 3,500 ரூபாய் எல்லோரிடமும் இராது என்பதையும் அறிவேன். அத்தகையோர் போலிப் பகட்டை விடுத்து, அதே அறுநூறு ரூபாய்க்குத் தைத்த தோல் செருப்பை வாங்குவதே மேல். நானும் அன்று அதைச் செய்திருக்க வேண்டும்.

இது பணத்தோடு முடியும் கணக்கன்று. பர்கூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் சென்றால் முதலில் வாணியம்பாடி, பிறகு ஆம்பூர். அங்கு நம் முன்னோர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டு வாரக்கணக்கில் தோல் பதனிட்டனர். அத்தொழிலின் வருவாயில் கல்விக்கூடங்களும் எழுந்தன. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919 இல் தோன்றியது. பின்னர் ஒரு சில நாட்களில் பதனிடும் குரோமிய முறை வந்தது. தொழில் வளர்ந்தது, பாலாறு நலிந்தது. தோல் கழிவால் பாழான நீரையும் நிலத்தையும் குறித்த வழக்கில் 1996 இல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பளித்தது நாம் மறக்கத் தக்கதன்று.

ஆக, ஒரு தோல் காலணிக்குப் பின்னால் ஒரு பிராணியின் உயிர் இருக்கிறது. ஓர் ஆற்றின் துயரம் இருக்கிறது. குனிந்து தைத்த சகோதர சகோதரிகளின் கண் பார்வை இருக்கிறது. இத்தனையும் கொடுத்துப் பெற்றதை மூன்றே மாதத்தில் குப்பையில் எறியும்படிச் செய்து விற்பதும், அறிந்தே வாங்குவதும் வீண்விரயம் அல்லவா? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்ட செய்தியைப் பிள்ளைகளுக்குப் பணிவின் சான்றாகவே இதுவரை கற்பித்து வந்தேன். ஒரு பொருளை அதன் ஆயுள் முழுதும் பேணும் கடமையும் அதனுள் இருப்பதை இப்போதுதான் காண்கிறேன்.

மகனுக்கு அந்த வேலை கிட்டவில்லை. அடுத்த தேர்வுக்கு என்னுடைய பழைய காலணியை எண்ணெய் தடவித் துடைத்துக் கொடுத்தேன். அவன் காலுக்கு அது அளவாகவே இருந்தது. அன்று நான் ரப்பர்ச் செருப்புடன் மதரஸாவிற்குச் சென்றேன். வாசற்படி வரிசையில் என் இடம் மட்டும் மாறவில்லை.