கெப்டன் பிலிப்ஸைத் தெரியும். அல்பெடோவைத் தெரியுமா?

சோமாலியக் கடற்கொள்ளையர் என்றதும் நம்மில் பலருக்கு டொம் ஹாங்ஸ் நடித்த படம்தான் ஞாபகம் வரும். 2009 ஏப்ரலில் 'மெர்ஸ்க் அலபாமா' பிடிபட்டது. அமெரிக்கக் கொடி, அமெரிக்க மாலுமிகள். ஐந்து நாளைக்குள் கடற்படை வந்து மூன்று கொள்ளையரைச் சுட்டுக் கொன்றது, கெப்டன் மீட்கப்பட்டார்.

அந்தக் கப்பல் போய்க்கொண்டிருந்த அதே மொம்பாசாவுக்குத்தான், ஜெபல் அலியிலிருந்து 'எம்.வி. அல்பெடோ' என்ற கொள்கலன் கப்பலும் புறப்பட்டது. 2010 நவம்பர் 26இல் அதுவும் பிடிபட்டது. மலேசியக் கொடி, ஈரானிய உரிமையாளர். மாலுமிகள் 23 பேரும் பாகிஸ்தான், பங்களாதேஷ், இந்தியா, ஈரான், இலங்கையைச் சேர்ந்தவர்கள். ஆம், நமது நாட்டவர் ஆறு பேர் அதில் இருந்தார்கள். ஹொலிவூட்டை விடுங்கள், நமது ஊர்ச் சந்திகளில் இது ஒரு நாளாவது பேசப்பட்டதா?

பேரம் இழுபட்டது. ஓர் இந்திய மாலுமி கொல்லப்பட்டார். உரிமையாளர் கைகழுவி விட்டார். கொடி கொடுத்த நாடும் மீட்கவில்லை. கொடி ஒரு நாடு, முதலாளி ஒரு நாடு, மாலுமிகள் ஐந்து நாடு என்று கப்பலோட்டுவதில் இதுதான் வசதி. இலாபத்துக்கு ஒரு முகவரி இருக்கும், பொறுப்புக்கு இருக்காது. கொள்ளையனைத் திட்ட எல்லோருக்கும் வாய் வருகிறது. இந்த ஏற்பாட்டைப் பற்றி ஏன் எவரும் வாய் திறப்பதில்லை?

பாகிஸ்தானில் மக்களும் செல்வந்தர்களும் பத்து இலட்சம் டொலருக்கும் மேல் திரட்டிக் கொடுத்தார்கள். 2012இல் ஏழு பாகிஸ்தானியர் விடுதலையானார்கள். மிச்சம் 15 பேர் அதே கப்பலில். கடவுச்சீட்டைப் பார்த்து உயிரைப் பிரித்தார்கள்.

இதற்காகப் பாகிஸ்தான் மக்களைக் குறை சொல்ல யாரும் வரவேண்டாம். அதற்கு முந்திய வருடம்தான் 'எம்.வி. சூயஸ்' கப்பலுக்காக அன்சார் பர்னி அங்கே ஓடித் திரிந்து பணம் சேர்த்தார். அதில் பாகிஸ்தானியர் நான்கு பேர் மட்டுமே. ஆனாலும் எகிப்தியர், இந்தியர் எல்லாருமாக 22 பேரும் வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவர் இலங்கையர். கராச்சியில் ஒரு மனிதர் நமது பிள்ளைக்கும் சேர்த்துக் கையேந்தியிருக்கிறார்! அல்பெடோவின் ஆறு பேருக்காக இங்கே கையேந்தியவர் யார்?

2013 ஜூலையில், பராமரிப்பில்லாமல் கிடந்த அந்தக் கப்பல் மூழ்கியது. நான்கு பேர் கடலோடு போனார்கள். நால்வரும் இலங்கையர். தப்பியவர்கள் பக்கத்தில் கட்டிவைக்கப்பட்டிருந்த 'நஹம் 3' என்ற மீன்பிடிக் கப்பலில் ஏறினார்கள், அதுவும் கொள்ளையர் கையில் இருந்த கப்பல்தான். எஞ்சிய 11 பேர் 2014 ஜூனில் வெளியே வந்தபோது மூன்றரை வருடம் கழிந்திருந்தது. அவர்களுக்காகக் கடைசிவரை நின்றவர் ஜோன் ஸ்டீட் என்ற ஓய்வுபெற்ற பிரித்தானிய கேர்ணல். எந்த அரசுமல்ல.

"கப்பம் கொடுத்தால் கொள்ளையன் வளர்வான்" என்று சிலர் சொல்வார்கள். சரி, அப்படியென்றால் வேறு வழியைக் காட்டவேண்டும். 2024 மார்ச்சில் பங்களாதேஷின் 'எம்.வி. அப்துல்லாஹ்' பிடிபட்டது. 23 பேரும் ஒரு மாதத்தில் உயிரோடு வெளியே வந்தார்கள். அந்தக் கப்பலுக்குச் சொந்த நாட்டுக் கொடி இருந்தது, தேடிப்போய்க் கேட்கக்கூடிய முதலாளி இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதெல்லாம் பழைய கதை என்று கடந்து போகாதீர்கள். 2017இல் 'ஆரிஸ் 13' பிடிபட்டபோது அதிலிருந்த எட்டு மாலுமிகளும் இலங்கையர். கப்பமில்லாமல் சில நாளில் விடுபட்டது அவர்களின் நல்ல காலம்.

உயர்தரம் முடித்துவிட்டுக் "கப்பலுக்குப் போகிறேன் சேர்" என்று வரும் பிள்ளைகளுக்கு நாங்கள் போகாதே என்று சொல்வதில்லை. வீட்டு நிலைமை எங்களுக்கும் தெரியும். ஆனால் ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொல்கிறோம். மாலுமி கடற்கொள்ளையர் பிடியில் இருக்கும் காலம் முழுக்க ஒப்பந்தமும் சம்பளமும் தொடரவேண்டும் என்று கடல்சார் தொழிலாளர் சமவாயம் 2018இல் திருத்தப்பட்டு, 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஏஜென்சிக்காரரிடம் அந்த வரி எங்கே என்று கேளுங்கள். கப்பல் எந்த நாட்டுக் கொடி, முதலாளி யார், எங்கே இருக்கிறார், காப்புறுதி யாரிடம் என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.