அரிசிக்கு மட்டுமா குக்கர்?

மின்சார ரைஸ் குக்கர் என்றால் சோறாக்கும் பாத்திரம், அவ்வளவுதான் என்பது பலருடைய எண்ணம். இத்தனை தம்ளர் அரிசிக்கு இத்தனை தம்ளர் தண்ணீர், பிறகு நெம்புகோலை அழுத்துக என்று சொல்லிச் சமையல் குறிப்புகளும் நின்றுவிடுகின்றன. ஏன் என்ற கேள்விக்கு அவற்றில் இடமில்லை. என் கருத்து வேறு. ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவர் வீட்டிலேயே வைத்துப் படிக்கக்கூடிய வெப்பவியல் கருவிகளில் இதற்கே முதலிடம் தருவேன். இதன் இயக்கத்தை அறிந்தவர் பொங்கல், இட்லி, சுண்டல், கேக் ஆகியவற்றைப் பெரிய குறிப்பு எதுவும் இல்லாமலேயே இதில் செய்துவிடலாம். அறியாமல் செய்தால் பண்டம் கெடும்; சில வேளைகளில் உடம்பும் கெடும்.

சோறு வெந்துவிட்டது என்பது குக்கருக்கு எப்படித் தெரிகிறது? அதனுள் கடிகாரம் இல்லை. மின்னிணைப்பை நீக்கி, நன்றாக ஆறிய பின் உள் பாத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சூடேற்றும் தட்டின் நடுவில் வட்டமான குமிழ் ஒன்று தெரியும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும். விட்டால் மேலே வரும். அக்குமிழுக்குள் பெர்ரைட் என்னும் காந்தப் பொருள் இருக்கிறது. நாம் நெம்புகோலை அழுத்தும்போது கீழேயுள்ள நிலைக் காந்தம் மேலே எழும்பி அதனுடன் ஒட்டிக்கொள்கிறது, மின்சுற்று மூடுகிறது. பாத்திரத்தில் நீர் இருக்கும் வரையில் அடிப்பாகம் 100 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியே நிற்கும். தட்டு தரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதில் செலவாகிவிடுகிறது. அரிசி நீரை உறிஞ்சி, மிஞ்சியது ஆவியான பின் வெப்பநிலை விறுவிறென்று ஏறுகிறது. 100 டிகிரிக்குச் சற்று மேலே அந்தப் பெர்ரைட்டின் கியூரி வெப்பநிலை வந்துவிடும். அக்கணமே அது காந்தத் தன்மையை இழக்க, சுருள்வில் காந்தத்தைத் தள்ளிவிட, 'டக்' என்று நெம்புகோல் விடுபடுகிறது.

கியூரி வெப்பநிலையை ஒரு வரையறையாக மனப்பாடம் செய்கிறோம். இரும்புக்கு 770 டிகிரி என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்குகிறோம். அந்த 'டக்' ஓசையைத் தினமும் கேட்டும், அது எதன் ஓசை என்று கேட்காமலிருக்கிறோம். இதைத்தான் நான் குறை என்கிறேன்.

(நுண்சில்லு பொருத்திய குக்கர்களும் இன்று உண்டு. இங்கே பேசுவது ஒற்றை நெம்புகோல் கொண்ட எளிய வகையைப் பற்றி மட்டுமே.)

இக்கருவி பிறந்த கதையிலும் நமக்குப் பயனுள்ள குறிப்பு ஒன்று இருக்கிறது. ஜப்பானில் 1955-ஆம் ஆண்டு தோஷிபா நிறுவனம் தானியங்கி ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் சிறு தொழிற்கூடம் நடத்திவந்த யோஷிதாதா மினாமி. ஓயாமல் சோறாக்கிச் சோதித்துப் பார்த்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. அதில் இரண்டு பாத்திரங்கள், ஒன்றுக்குள் ஒன்று. வெளிப் பாத்திரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். அது ஆவியாகித் தீர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். அதற்குள் உள்ளே சோறு வெந்துவிடும். நீர் தீர்ந்ததும் வெப்பம் ஏற, ஈருலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். அதாவது, தண்ணீரையே கடிகாரமாக்கினார்கள்!

அந்தக் கடிகாரத்தை நாமும் பயன்படுத்தலாம். கணக்கிட்டுப் பாருங்கள். 500 வாட் குக்கர் ஒரு நொடிக்கு 500 ஜூல் வெப்பம் தருகிறது. ஒரு கிராம் கொதிநீர் ஆவியாக 540 கலோரி, அதாவது சுமார் 2,260 ஜூல் வேண்டும். ஆகவே ஒரு கிராமுக்கு நாலரை நொடி. நிமிடத்துக்கு 13 கிராம். 200 மில்லி தண்ணீர் ஊற்றினால் அது கொதிக்க 2 நிமிடம், தீர 15 நிமிடம், ஆக 17 நிமிடம். பாத்திரத்தையும் சூடாக்க வேண்டும். காற்றிலும் கொஞ்சம் வெப்பம் போகும். மூடியில் குளிர்ந்த நீர் மீண்டும் உள்ளே சொட்டும். எனவே உண்மையில் இன்னும் சில நிமிடம் கூடும். இட்லி வேக 10 முதல் 12 நிமிடம் போதும். ஒரு தம்ளர் தண்ணீர், மேலே ஆவித்தட்டு, அதன்மேல் மாவு ஊற்றிய கிண்ணங்கள், வேறென்ன வேண்டும்? கீழே சோறு வேகும்போதே மேல் தட்டில் கேரட்டையோ உருளைக்கிழங்கையோ அவித்துக்கொள்ளலாம். எப்படியும் வெளியே போகும் ஆவி, காய்மீது படிந்து நீராகும்போது அந்த 540 கலோரியையும் அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் போகிறது.

பொங்கலில் ஒரு சிக்கல் உண்டு. அரிசியும் பாசிப்பருப்பும் குழையும்போது கலவை கெட்டியாகி வெப்பச்சலனம் தடைப்படுகிறது. மேலே நீர் இருக்கும்போதே அடி காய்ந்து, நெம்புகோல் முன்கூட்டியே விழுந்துவிடுகிறது. குக்கர் பழுது என்று கடைக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம். கிளறிவிட்டுச் சில நிமிடம் பொறுத்தால் பெர்ரைட் ஆறி மீண்டும் காந்தத்தைப் பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஐந்து மடங்கு வைக்கலாம். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பினால் பொங்கல் பெயருக்கேற்ப வெளியே பொங்கிவிடும்.

கேக்கின் கதை இதற்கும் ஒரு படி மேல். மாவில் ஓடித்திரியும் நீரே இல்லை. எனவே சில நிமிடத்திலேயே 'டக்'. அது வெந்ததற்கு அடையாளம் அன்று. இடைவெளி விட்டுவிட்டு அழுத்தி, ஈர்க்குச்சியால் குத்திப் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் சிவக்கும், ஆவி சூழ்ந்த மேல்பக்கம் வெளிறியே இருக்கும். ஆதலால் கவிழ்த்துப் பரிமாறுவது புத்திசாலித்தனம்.

இனி, செய்யக்கூடாதவை. விடுதிகளில் தங்கிப் படிக்கப் போகும் மாணவர்கள், குறிப்பாக அடுப்படிப் பக்கமே போகாமல் வளர்க்கப்படும் ஆண் பிள்ளைகள், இதைக் கவனமாகப் படிக்கவும். கடுகு வெடிக்க 100 டிகிரி போதாது. எனவே குக்கரில் தாளிக்க விரும்பும் சிலர், நெம்புகோல் விடுபடாதபடி ஸ்பூனையோ குச்சியையோ செருகி வைக்கிறார்கள். நீர் என்னும் காவலும் இல்லை, காந்தம் என்னும் காவலும் இல்லை; தட்டு எவ்வளவு சூடாகும் என்பதற்கு வரம்பே இல்லாமல் போகிறது. உள்ளே வெப்ப உருகி இருந்தால் அது எரிந்து போகும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். தாளிப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

'சூடு காக்கும்' நிலையும் சமைக்கும் நிலையன்று. ராஜ்மாவில் லெக்டின் என்னும் நச்சுப் புரதம் உண்டு. ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவைத்தால் அது அழியும். மிதமான சூட்டில் மணிக்கணக்காக வைத்திருந்தால் அழியாது. வாந்தியும் பேதியும்தான் மிஞ்சும். சோற்றுக்கும் ஒரு எச்சரிக்கை. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் விதைத்துகள்கள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு 60 டிகிரிக்கு மேல் இருந்தால் அவை பெருகமாட்டா. இரவில் மின்சாரம் போய்ச் சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் பெருகும். அவை விடும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. அத்தகைய சோற்றைக் கொட்டிவிடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

துவரம்பருப்பைப் பற்றிக் கேட்பீர்கள். பிரஷர் குக்கரில் நீர் 120 டிகிரி வரை போகும். இதில் 100-ஐத் தாண்டாது. ஆகவே ஊறவைத்துப் போட்டால் வேகும், பொறுமை வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் நீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், அங்கே அந்தப் பொறுமையும் போதாது.

கடைசியாக ஒன்று. உள் பாத்திரத்தை வைக்குமுன் அதன் அடியையும் தட்டையும் துடைத்துவிடுங்கள். இடையில் ஒரு பருக்கை சிக்கினாலும் பாத்திரம் தூக்கிக்கொண்டு காற்றிடைவெளி உண்டாகும். தட்டின் வெப்பம் பாத்திரத்துக்குப் போகாமல் குமிழுக்குப் போகும். சோறு அரைவேக்காடாக இருக்கும்போதே 'டக்' கேட்கும்.