கேட்டுச் சேர்ப்போம்!

பிள்ளை பாங்கு, கணக்கு உத்தியோகத்துக்குப் படிக்க விரும்பினால், கட்டடத்தையும் விளம்பரத்தையும் கண்டு பல்கலைக் கழகத்தில் சேர்த்துவிடலாகாது. பாங்குகளும் கணக்காய்வு நிறுவனங்களும் அங்கே ஆள் எடுக்க வருகின்றனவா? சென்ற ஆண்டு தேறியவர்களில் எத்தனை பேர் வேலையில் அமர்ந்தனர்? படிக்கும்போதே தொழிற்பயிற்சி உண்டா? இவற்றைக் கேட்டே தீர வேண்டும்.

1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பட்டமா என்பதையும் பார்க்க வேண்டும். மலாயாப் பல்கலைக் கழகத்தின் கணக்கியல் பட்டம் அதில் உண்டு. அத்தகைய பட்டமும் உரிய இடத்தில் 3 ஆண்டு அனுபவமும் இருந்தால் பட்டயக் கணக்காளராகப் பதியலாம்.

செலவாவதோ பால் வெட்டிச் சேர்த்த சேமநிதிப் பணம். அரசாங்கக் கல்விக் கடனையும் பிள்ளைதான் திருப்பிக் கட்ட வேண்டும். பெரிய இடத்துப் பிள்ளைக்குச் சிபாரிசுக்கு ஆளுண்டு. நம் பிள்ளைக்கு நாம் கேட்கும் கேள்வியே துணை. கிராணிமார் முன்வந்து உதவ வேண்டுகிறோம்.