கடன் வீடும் குடியிருப்போரும்

“வீட்டை வாங்கிப் போடுங்கள், குடியிருப்பவன் கொடுக்கும் வாடகையே கடனைத் தீர்த்துவிடும்” என்ற உபதேசம் காரைக்காலில் தாராளமாக வழங்கப்படுகிறது. உபதேசிகள் பெரும்பாலும் தரகர்கள். கடனில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. கமிஷனில் மாத்திரமே உண்டு. ஆயுட்காலச் சேமிப்பை இவ்வழியில் இறக்க எண்ணியிருக்கும் நேயர்கள் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

வீட்டின் விலை 40 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள வீட்டுக் கடனுக்கு ரிஸர்வ் பாங்கி 2015-ல் வகுத்த வரம்பு சொத்து மதிப்பில் நூற்றுக்கு 80. ஆகவே பாங்கி 32 லட்சம் கொடுக்கக்கூடும். நூற்றுக்கு எட்டரை வட்டி, 20 வருஷத் தவணை என்றால், மாதந்தோறும் கட்டவேண்டியது சுமார் 27,770 ரூபாய். வாடகையோ, விலையில் வருஷத்துக்கு நூற்றுக்கு மூன்று வீதம் கிடைத்தாலும் மாதம் 10,000 தான். எஞ்சிய 17,770 ரூபாயை யார் கொடுப்பது? வீட்டுவரியையும், கடற்காற்றில் துருவேறும் கம்பிகளையும், வீடு பூட்டிக்கிடக்கும் மாதங்களையும் நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

தரகர்கள் துறைமுகத்தைக் காட்டுவார்கள்; திருநள்ளாற்றைக் காட்டுவார்கள். சனிப்பெயர்ச்சிக் கூட்டம் சுமார் இரண்டரை வருஷத்துக்கொருமுறை வந்து கலைந்துபோவது. தவணையோ மாதந்தோறும் வருவது. திருவேட்டக்குடியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம் தன் மாணவர்களுக்குத் தானே விடுதி வைத்திருக்கிறது. வாஞ்சூர்த் துறைமுகத்தின் கதையோ நேயர்கள் அறிந்ததே. 2009-ல் இயங்கத் தொடங்கிய அத்துறைமுகக் கம்பெனியே கடன் பளுவால் 2022-ல் திவால் நடவடிக்கைக்கு உள்ளாகி, 2023-ல் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. துறைமுகத்தை நம்பிக் கடன் வாங்குகிறவர் துறைமுகம் பட்ட கடனையும் நினைத்துப் பார்ப்பது நலம்.

நிற்க. 1954 நவம்பர் 1-ந் தேதி வரை பிரெஞ்சு நிர்வாகத்திலிருந்த இப்பிரதேசத்தில், பழைய சொத்துக்களின் மூலபத்திரங்கள் நொத்தார் முன்னிலையில் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டவை. உடையவர்களோ சைகோனுக்கும் பின்னர் பிரான்ஸுக்கும் சென்று குடியேறிய குடும்பத்தினராக இருக்கலாம். வாரிசுகள் பல திக்கில் இருக்கலாம். இந்நிலையில் ஒரு மாமனோ மைத்துனனோ அதிகாரப் பத்திரத்தை நீட்டினால், அதைக் கொடுத்தவர் இன்று உயிருடன் இருக்கிறாரா என்பதே முதற் கேள்வி. அவர் இறந்தால் சாதாரணமாக அந்த அதிகாரமும் முடிந்துபோகும். அதிகாரப் பத்திரமும் விற்பனை ஒப்பந்தமும் மட்டும் சொத்துரிமையை மாற்றிவிடா என்று சுப்ரீம் கோர்ட்டு 2011-ல் தீர்ப்பளித்தது. பிரெஞ்சுப் பத்திரத்தைப் படித்துச் சொல்லத் தெரிந்த வக்கீலுக்குக் கொடுக்கும் பீஸ் வீண் செலவாகாது.

இவற்றினும் நம் மனத்தை வருத்துவது குடியிருப்போர் நிலைமையாகும். தவணைக்குப் பணம் போதாத உடையவர் போக்கியத்தை நாடுகிறார். மாத வாடகை வேண்டாம், மொத்தமாகச் சில லட்சம் கொடு என்கிறார். பெண்ணின் கலியாணத்துக்கென்று வைத்திருந்த தொகையை ஏழைக் குடும்பஸ்தர் கொடுத்துவிட்டுக் குடிபுகுகிறார். வீடு முன்னமே பாங்கியில் அடமானம் என்பது அவருக்குச் சொல்லப்படுவதில்லை. தவணை தவறி வீடு ஏலத்துக்கு வரும் நாளில் பாங்கியின் உரிமையே முந்தியது. ரிஜிஸ்தர் செய்யாத வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு அவர் எந்தக் கச்சேரிக்குப் போவார்? சட்டப்படி நூறு ரூபாய்க்கு மேற்பட்ட போக்கிய அடமானமே ரிஜிஸ்தர் செய்யப்படவேண்டியது. நஷ்டக் கணக்கைப் போட்டவர் ஒருவர், நஷ்டத்தைச் சுமப்பவர் வேறொருவர் என்பது நியாயமாகாது.

குடியிருப்புக்கு முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேற்படலாகாதென்று 2021-ல் மத்திய மந்திரி சபை அங்கீகரித்த மாதிரி வாடகைச் சட்டம் கூறுகிறது. அதன் நோக்கத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் சட்டப் புத்தகம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர நாளாகும். காரைக்காலிலுள்ள தேசத் தொண்டர்கள் அதுவரை காத்திராமல், போக்கியப் பணம் கைமாறுமுன் வில்லங்கச் சான்றையும் பாங்கிக் கடன் பாக்கி விவரத்தையும் கேட்டு வாங்கும்படி தத்தம் வீதியிலுள்ள குடித்தனக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல முன்வரவேண்டும். காட்ட மறுக்கும் உடையவரிடம் ஒரு காசும் கொடுக்கலாகாது.