நீலத் திரை வந்ததும் ஃபார்மட் போடாதீங்க!

"சிஸ்டம் நல்லாத்தான் ஓடிட்டிருந்தது. திடீர்னு நீலமா ஒரு ஸ்கிரீன், சோகமா ஒரு மூஞ்சி. அப்புறம் தானாவே ரீஸ்டார்ட் ஆகுது. கடையில கேட்டா ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும்கிறாங்க. பத்து வருஷ போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. என்ன பண்றது?"

மாதத்துக்கு ஒருமுறையாவது இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபார்மட் வேண்டாம். குறைந்தபட்சம் இன்றைக்கு வேண்டாம்.

வீட்டில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் எம்.சி.பி. டிரிப் ஆகும் இல்லையா? நீலத் திரையும் அப்படித்தான். இனியும் ஓடினால் ஃபைல்கள் கெட்டுப்போகலாம் என்கிற நிலை வந்ததும் விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. டிரிப் ஆனதற்காக யாரும் வீட்டை இடிப்பதில்லை. எந்த லைனில் கோளாறு என்றுதான் பார்ப்போம். (விண்டோஸ் 11-ல் 2025-ல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு இந்தத் திரை கறுப்பாகிவிட்டது. சோக மூஞ்சியும் போய்விட்டது. விஷயம் அதேதான்.)

எந்த லைன் என்பதை அந்தத் திரையே சொல்லும். கீழே 'ஸ்டாப் கோடு' என்று ஒரு வரி இருக்கும். சில நேரம் அதற்கடுத்து ஒரு ஃபைல் பெயரும் இருக்கும். போனை எடுத்து அதை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது என்றால், ஸ்டார்ட் மெனு தேடலில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். அதில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' பகுதிக்குப் போய் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிட்டால் அடுத்த முறை திரை அப்படியே நிற்கும்.

அடுத்த கேள்வி, சமீபத்தில் என்ன மாறியது? ஞாபகம் இல்லையென்றால் கவலை வேண்டாம், விண்டோஸ் டைரி எழுதி வைத்திருக்கிறது. தேடலில் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று அடித்தால் நாள்வாரியாக ஒரு படம் வரும். சிவப்புப் பெருக்கல் குறி விழுந்த நாள்களையும், அதற்கு முன்னால் என்ன இன்ஸ்டால் ஆனது என்பதையும் பாருங்கள். புது பிரின்டர் டிரைவரோ, கிராஃபிக்ஸ் டிரைவரோ, இரண்டாவதாகப் போட்ட ஆன்டிவைரஸோ மாட்டும். பெரும்பாலும் குற்றவாளி இவற்றில் ஒன்றுதான்.

இது வீட்டு கம்ப்யூட்டருக்கு மட்டும் வரும் வியாதி இல்லை. 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு கோளாறான அப்டேட், உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கருவிகளை நீலத் திரையில் நிறுத்தியது. நம் ஊர் விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஹேக்கர் இல்லை, ஹார்டுவேர் கோளாறு இல்லை. சரிசெய்ய என்ன செய்தார்கள் தெரியுமா? பெரும்பாலான இடங்களில் சேஃப் மோடில் போய் அந்த ஒரு ஃபைலை அழித்தார்கள். விமான நிலையத்துக்கே ஃபார்மட் தேவைப்படவில்லை.

அந்த சேஃப் மோடு உங்களுக்கும் கிடைக்கும். விண்டோஸ் ஓடவே இல்லையென்றால், லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்யுங்கள். இப்படி இரண்டு, மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும். 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', 'ரீஸ்டார்ட்' என்று போய் 4-ஐ அழுத்துங்கள். அவசியமான டிரைவர்களோடு மட்டும் சிஸ்டம் எழும். முதல் வேலையாக போட்டோக்களை வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். பிறகு சந்தேகப்பட்ட டிரைவரையோ சாஃப்ட்வேரையோ நீக்குங்கள். விண்டோஸ் அப்டேட் மீது சந்தேகம் என்றால், அதே 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' திரையில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கிறது.

இங்கேதான் பலர் மாட்டுவார்கள். புது லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லாவிட்டால், டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் போட்டோ வராது. லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டிருந்தால், கீ வழக்கமாக அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். சிஸ்டம் நன்றாக ஓடும்போதே போனில் அந்தக் கணக்கைத் திறந்து, கீயைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஸ்டாப் கோடில் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றோ, ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோடோ வந்தால் ரேம் மீது சந்தேகப்படலாம். தேடலில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' திறந்து சோதியுங்கள். டெஸ்க்டாப்பாக இருந்தால் நம் கடைக்காரர்கள் காலம்காலமாகச் செய்யும் வைத்தியமும் உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, தங்க நிறப் பட்டையை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை நன்றாகத் தட்டிவிட்டு மாட்டுவார்கள். கிண்டலாகத் தோன்றும், பல நேரம் வேலை செய்யும்.

'இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று வந்தால் டிஸ்க் பக்கம் பாருங்கள். டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டாலோ, ஃபைல் திறக்க நிமிடக்கணக்கில் ஆனாலோ எந்த ரிப்பேர் கமாண்டும் போடாதீர்கள். சாகப்போகும் டிஸ்க்கை ஓடவைப்பது நிலைமையை மோசமாக்கும். முதலில் காப்பி, மற்றதெல்லாம் பிறகு. விளையாடும்போதோ வீடியோ எடிட் செய்யும்போதோ மட்டும் நின்றால், ஃபேனில் அடைந்த தூசியைப் பாருங்கள்.

போலி நீலத் திரை பற்றியும் சொல்லியாக வேண்டும். இணையத்தில் ஏதோ பார்க்கும்போது முழுத்திரையில் நீலமாக வந்து, சைரன்போல ஒலித்து, 'இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள்' என்று மிரட்டும். அது வெறும் பிரவுசர் பக்கம். உண்மையான நீலத் திரையில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. அழைத்தால் உங்கள் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆப்பைப் போடச் சொல்வார்கள். அப்புறம் பேங்க் கணக்கைத் திறக்கச் சொல்வார்கள். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடிவிட்டால் முடிந்தது. வீட்டில் அப்பா அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

எல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால் கடைக்குப் போங்கள், தப்பில்லை. போகும்போது ஸ்டாப் கோடு போட்டோவைக் காட்டி, "டேட்டா வேணும், என்னைக் கேட்காம ஃபார்மட் போடாதீங்க" என்று சொல்லி, ஜாப் ஷீட்டிலும் அதை எழுத வையுங்கள்.