மஞ்சளிலேயே எழுந்திருங்கள், தோழர்களே!

ரஹாங் தோழர்களே! லாபு, லின்சம், சிலியாவ், கெர்பி தோட்டங்களில் இன்னும் வேலையில் நிற்கும் தோழர்களே! லயத்தைக் காலி செய்துவிட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்துசேர்ந்த பால்மரத்துப் பிள்ளைகளே!

மழைக்காலம் வாசலுக்கு வந்துவிட்டது. நவம்பரில் பிடிக்கும் வடகிழக்குப் பருவமழை மார்ச் வரை விடாது. வெள்ளம் என்றால் கிளந்தான், திரங்கானு, பகாங். அது கிழக்குக் கரைக்காரர்களின் தலையெழுத்து, நமக்கென்ன என்று இருந்தவர்கள்தாம் நாம். அந்த நினைப்பை 2021 டிசம்பர் அடித்துக்கொண்டு போனது. மேற்குக் கரையில் ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. எட்டு மாநிலங்கள் மூழ்கின, நம் நெகிரி செம்பிலானும் அதில் ஒன்று. 70,000 பேருக்கு மேல் வீட்டை விட்டு ஓடினார்கள், 50 பேருக்கு மேல் செத்தார்கள். நாட்டுக்கு இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று பிறகு புள்ளிவிவரத் துறை கணக்குக் கொடுத்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் நம் சனங்கள் மாடியிலும் கூரையிலும் உட்கார்ந்து, படகு வருமா வருமா என்று பார்த்துக்கொண்டிருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

எச்சரிக்கை வரவில்லையா? வந்தது. வானிலை ஆய்வுத் துறை சொல்லத்தான் செய்தது. அந்த அறிவிப்பு கோலாலம்பூரில் கிளம்பி, இணையத்தில் ஏறி, கைப்பேசியில் இறங்கி, நம் பாட்டியின் கட்டிலுக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டது. அந்தப் பத்தடியைக் கடத்துவது யார் வேலை? அரசாங்கத்தைக் கேட்க வேண்டியதைக் கேட்போம், அதற்கும் வருகிறேன். அதற்கு முன்னால், அந்தப் பத்தடி நம்முடையது.

  

தொடர்மழைக்கு வானிலைத் துறை மூன்று நிறம் வைத்திருக்கிறது. மஞ்சள் என்றால் ‘வஸ்பாடா’, விழிப்பாயிரு. ஆரஞ்சு என்றால் ‘புருக்’, நிலைமை மோசம். சிவப்பு என்றால் ‘பஹாயா’, ஆபத்து. ஆற்று நீர்மட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறை தனியாக அளந்து ‘இன்ஃபோபஞ்சிர்’ பக்கத்தில் போடுகிறது. லிங்கி ஆறு எந்த இடத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சிவப்பு வந்த பிறகு மூட்டை கட்டுகிறவன் இடுப்பளவு தண்ணீரில்தான் கட்டுவான். நமக்கு மஞ்சளே சிவப்பு. மஞ்சள் வந்ததும் மைகார்டு, பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம், மருந்து எல்லாம் ஒரே பையில் ஏற வேண்டும். ஆரஞ்சு வந்ததும் கிழவர்களும் பிள்ளைகளும் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.

இடிமழை எச்சரிக்கை வேறு இருக்கிறது. அது சில மணி நேரக் கணக்கு, பருவமழைக்காகக் காத்திருக்காது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் பிற்பகலில் வெளுத்து வாங்கினால் அரை மணி நேரத்தில் லோங்காங் நிரம்பி வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பால்மரமும் செம்பனையும் நின்று குடித்த தண்ணீரை இன்று தாரும் சிமெண்டும் நேராகக் கால்வாய்க்குத் தள்ளிவிடுகின்றன. செண்டாயான் பக்கம் ஒருமுறை போய்வாருங்கள், தோட்டம் எங்கே போனது என்று தெரியும்.

கடல் தாண்டி இரண்டு ஊர்களைச் சொல்கிறேன். இரண்டும் தோட்டம், இரண்டிலும் செத்தது தமிழன்.

ஒன்று கேரளத்தில், மூணாறு பக்கம் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6, இரவு பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வேலை முடிந்து அசந்து தூங்கிய குடும்பங்கள்மேல் மலை சரிந்தது. 70 பேர். குழந்தைகளும் உண்டு. மழையில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. அதனால் அந்த ஓலம் வெளியுலகுக்கு எட்டியது மறுநாள் காலையில். கைப்பேசியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? கோபுரம் விழுந்தால், பேட்டரி தீர்ந்தால், நம் வாட்ஸ்அப் குழுவும் அதோடு சரி.

இன்னொன்று இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தைக்குப் பக்கத்து மீரியாபெத்தை. 2014 அக்டோபர் 29, காலை வேளை. அங்கே கதை வேறு. மண் சரியும், இந்த இடம் ஆகாது என்று தேசியக் கட்டட ஆய்வு நிறுவனம் 2005இல் சொல்லியிருந்தது. 2011இல் மறுபடி சொன்னது. எழுதிக் கொடுத்த எச்சரிக்கை. ஆனால் போய்க் குடியிருக்க மாற்று இடத்தை யாரும் கொடுக்கவில்லை. லயத்தை விட்டால் எங்கே போவது? இருந்தார்கள், புதைந்தார்கள். பிறகு, எச்சரித்தோமே, ஏன் போகவில்லை என்று செத்தவர்களைப் பார்த்தே கேட்ட பெரிய மனிதர்களும் உண்டு. எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. போக இடமில்லாதவனிடம் போ என்று சொல்வது எச்சரிக்கையா?

ஆகவே நம் வேலை இரண்டு. ஒன்றை நாமே செய்வோம், மற்றொன்றைக் கேட்டு வாங்குவோம்.

நாமே செய்வது இது. ஒவ்வொரு லயத்துக்கும், தாமானில் ஒவ்வொரு சாலைக்கும், அடுக்குமாடியில் கீழ்த்தளத்துக்கும் இரண்டு தோழர்கள் பொறுப்பு. ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர் இருக்க வேண்டும், அதற்குத்தான் இரண்டு. எச்சரிக்கை வந்தால் அவர்கள் கதவைத் தட்டுவார்கள். குறுஞ்செய்தி போட்டுவிட்டேன் என்பது கணக்கில் வராது, கதவைத் தட்டி முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான் சொன்னதாகும். தோட்டத்தில் பிரட்டுக்கு அடித்த மணி எங்காவது இன்னும் தொங்கினால் அதைத் துடைத்து வையுங்கள். விடியுமுன் நம்மை வேலைக்கு விரட்டிய மணி, நள்ளிரவில் நம்மைக் காப்பாற்றவும் அடிக்கட்டுமே. கோயில் ஒலிபெருக்கி இருக்கிறது. பக்கத்து சுராவ்காரர்களிடமும் இப்போதே பேசி வையுங்கள், தண்ணீர் சாமி பார்த்து ஏறுவதில்லை.

யார் கதவை முதலில் தட்டுவது? இதில்தான் கவனம் வேண்டும். நம் சனத்தில் இனிப்பு நீர் இல்லாத வீடு அரிது. அதில் சிறுநீரகம் கெட்டு வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் போகிறவர் ஒரு முறை தவறினாலும் உயிருக்கு ஆபத்து. வெள்ளத்தில் சாலை துண்டித்தால் அவருக்கு நிவாரண மையத்துக் கஞ்சி மட்டும் போதாது. அந்த வீடுகளின் பட்டியல் பொறுப்பாளர் சட்டைப்பையில் காகிதத்தில் இருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர், படுத்த படுக்கையானவர், தனியாக இருக்கும் அம்மா, நிறைமாதக்காரி எல்லாரும் அதே பட்டியலில்.

கொங்சியில் இருக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களை விட்டுவிடாதீர்கள். இன்றைக்குத் தோட்டத்தில் பாதி வேலை அவர்கள் முதுகில்தான் நடக்கிறது. பெர்மிட் சிக்கல் உள்ளவன் நிவாரண மையத்துக்கு வரவே பயப்படுவான். அவனைத் தண்ணீரில் விட்டுவிட்டு நாம் தோழர் என்று பேசிக்கொள்வதில் அர்த்தமில்லை. நம் தாத்தாவும் கப்பலில் வந்து இறங்கியவர்தானே.

இனி கேட்டு வாங்க வேண்டியது. எச்சரிக்கை தமிழிலும் வர வேண்டும், எழுத்தில் மட்டுமல்ல, குரலிலும். எந்தப் பள்ளி, எந்த மண்டபம் நிவாரண மையம் என்று மழைக்கு முன்னால் அறிவிக்க வேண்டும், கழுத்தளவு வந்த பிறகல்ல. மாநகர் மன்றம் கால்வாயைத் தூர்வார வேண்டும். தோட்ட நிர்வாகம் தாழ்வான லயங்களுக்கு மேட்டில் இடம் காட்ட வேண்டும். சிவப்பு எச்சரிக்கை நாளில் வேலைக்கு வராதவன் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. ஒரு நாள் கூலி போய்விடும் என்ற பயத்தில் தண்ணீரைக் கடந்தவன் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். கேட்டு வாங்குவது நமக்குப் புதிதல்ல. தொழிற்சங்கத் தலைவர் பி. பி. நாராயணன் சங்க வேலையைத் தொடங்கியது இந்த மாநிலத்துத் தோட்டங்களில்தான். அவரைப் போன்றவர்கள் முனைந்துதான் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அன்றைக்கு வாட்ஸ்அப் ஏது? லயம் லயமாக நடந்து ஆள் சேர்த்தார்கள். நாமும் நடப்போம்.

2021இல் சமைத்துக் கொடுத்ததும் படகு ஓட்டியதும் பெரும்பாலும் சாதாரண மக்கள். ‘கித்தா ஜாகா கித்தா’, நம்மை நாமே பார்த்துக்கொள்வோம் என்று நாடே சொன்னது. நல்ல வார்த்தைதான். ஆனால் வெள்ளம் வந்த பிறகு சோறு போடுவதில் காட்டிய வேகத்தை வருவதற்கு முன்னால் காட்டினால் பாதிப் பேருக்கு அந்தச் சோறே தேவைப்படாது.

ஒரு எச்சரிக்கை உங்களுக்கும்: எந்தக் காலத்து வெள்ளத்தையோ ‘இப்போது சிரம்பானில்’ என்று அனுப்பி வைக்கிற புண்ணியவான்களை நிறுத்துங்கள். மூன்று முறை பொய் வந்தால் நாலாவது மெய்க்கு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கோயில் மண்டபத்துக்கு வாருங்கள். ஒவ்வொரு லயத்திலிருந்தும் இரண்டு பேராவது வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது பெண்களுக்குத்தான் தெரியும். ஒரு நோட்டுப் புத்தகம், பேனா, கைவிளக்கு, உங்கள் வரிசையின் வீட்டு எண்கள் இவ்வளவும் கையில் இருக்கட்டும். பேச்சு அரை மணி நேரம்தான். மீதி நேரம் வீடு வீடாக நடந்து பட்டியல் எழுதுகிறோம். மழை பெய்தால் குடையோடு வாருங்கள், கூட்டம் தள்ளிப்போகாது.