கருவளம் தீர்ந்ததும் தீரும் கரிசனை

“அந்த வயதில் எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான்.” இவ்வாக்கியம் மருத்துவம் அன்று, மருத்துவத்தை மறுப்பதற்கான வாக்கியம். நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்ணொருத்தி தனது களைப்பையும் உறக்கமின்மையையும் ஞாபகத் தடுமாற்றத்தையும் எடுத்துரைக்கையில், இந்த விடையையே கேட்டுத் திரும்புகின்றாள். அவள் மல்டிப்பிள் ஸ்கிளிறோசிஸ் என்னும் நரம்பு நோயுடன் ஏற்கெனவே வாழ்ந்து வருபவளாயின், இவ்விடை வெறும் அலட்சியமாக நின்றுவிடுவதில்லை. அவள் நடக்கும் ஆற்றலையே பாதிக்கக்கூடிய அநீதியாகின்றது. பெண்ணுடலைக் கருத்தாங்கும் உடல் என்ற அளவில் மாத்திரம் அக்கறையுடன் நோக்கி, மாதவிடாய் நின்றபின் அதனைக் கைவிடும் கருத்துநிலையே இவ்வநீதியின் வேர் என்பது எமது வாதம்.

முதலில் நோயின் இயல்பை நோக்குவோம். உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனத் தொகுதியே மூளையிலும் முண்ணாணிலும் பார்வை நரம்பிலும் உள்ள மயலின் உறையைத் தாக்குவதால் இந்நோய் விளைகின்றது. 2020ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி உலகில் ஏறத்தாழ 28 இலட்சம் பேர் இதனுடன் வாழ்ந்தனர். அவர்களுள் பெண்கள் ஆண்களைவிட இருமடங்கினர்; சில நாடுகளில் மும்மடங்குக்கும் மேல். பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடைப்பட்ட வயதில் தொடங்கும் இந்நோய் ஆயுள் முழுவதும் தொடர்வது. ஆகவே நோயுற்ற பெண்களுள் மிகப்பெரும்பாலானோர் மாதவிடாய் நிற்கும் பருவத்தை நோயோடுதான் கடக்கின்றனர். இது அரிதான விதிவிலக்கன்று; இந்நோயின் பொதுவழியே இதுதான்.

வரலாறு இவ்விடத்தில் ஒரு முரணை எம்முன் வைக்கின்றது. இந்நோயைத் தனி நோயாக வரையறுத்தவர் ஷார்க்கோ, ஆண்டு 1868, இடம் பாரிஸ் நகரின் சல்பெற்றியர் மருத்துவமனை. ஹிஸ்டீரியாவைப் பற்றிய தம் புகழ்பெற்ற விரிவுரைகளையும் அவர் அங்கேயே நிகழ்த்தினார். ‘ஹிஸ்டீரியா’ என்னும் சொல்லோ கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. அதன்பின் நெடுங்காலம், நரம்பு நோயால் தளர்ந்த பெண்கள் பலர் ஹிஸ்டீரியா நோயாளர் எனத் தவறாக முத்திரையிடப்பட்டனர். அன்று கருப்பையைக் காட்டி நரம்பு நோயை மறைத்தனர். இன்று கருப்பை ஓய்ந்ததைக் காட்டி மறைக்கின்றனர். சொல் மாறியது, பார்வை மாறவில்லை.

ஆய்வுலகின் நிலை யாது? 1998இல் ஐரோப்பாவின் 12 நாடுகளைச் சேர்ந்த 254 பெண்களின் கர்ப்பகாலத்தை ஆராய்ந்த முக்கியமான ஆய்வொன்று வெளிவந்தது. கர்ப்பத்தின் இறுதி மூன்று மாதங்களில் நோயின் தாக்குதல் குறைவதையும், பிரசவத்தின் பின்னரான மூன்று மாதங்களில் கூடுவதையும் அது நிறுவியது. பாராட்டத்தக்க பணி. ஓமோன்கள் இந்நோயின் போக்கை மாற்றவல்லன என்பதற்கு அது வலிய சான்று. கர்ப்பகால ஓமோனாகிய ஈஸ்திரியோலை மருந்தாகப் பரீட்சித்த ஆய்வு 2016இல் வெளிவந்தபோதோ, அதில் சேர்க்கப்பட்ட பெண்களின் வயதெல்லை 18 முதல் 50. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒக்றெலிசுமாப் மருந்தின் பிரதான பரீட்சைகளும் 55 வயதுடன் கதவை அடைத்தன. ஓமோன் கூடும்போது நிகழ்வதை அறிய இத்துணை ஆவல். அது குறையும்போது நிகழ்வதை அறியவோ சிறிய ஆய்வுகள் சில, அவற்றின் முடிவுகளும் ஒன்றோடொன்று முரண்படுவன. இது தற்செயலானதா?

இவ்வறியாமையின் விலையை உடல் செலுத்துகின்றது. உடல்வெப்பம் சிறிது உயர்ந்தாலும் சேதமுற்ற நரம்பு தற்காலிகமாகச் செயல் குன்றும். கண்மருத்துவர் ஊட்டொவ் 1890இல் விபரித்த தோற்றப்பாடு இதுவே. மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீரெனக் கொதித்தெழும் வெப்பு, மங்கலான பார்வையையும் தளர்ந்த காலையும் மேலும் மோசமாக்கவல்லது. ஈஸ்திரோஜன் குறைய, சிறுநீர்த்தொற்று மிகும். தொற்று மிக, பழைய நரம்புக் குறிகள் மீளும். இதனைப் புதிய தாக்குதலெனக் கொண்டு வீணே ஸ்டீரொயிட் வழங்குதல் ஒரு பிழை. மெய்யான தாக்குதலை ‘வயதுக் கோளாறு’ என ஒதுக்குதல் மறுபிழை. அன்றியும், ஈஸ்திரோஜன் இழப்பு, அசைவின்மை, ஸ்டீரொயிட் ஆகிய மூன்றும் எலும்பைத் தேய்ப்பன. அடிக்கடி விழ நேரும் ஒருவருக்கு எலும்பு முறிவு யாதென விளக்கவும் வேண்டுமோ?

ஓமோன் சிகிச்சை ஆபத்தானதன்றோ என வினவுவர். 2002இல் இடைநிறுத்தப்பட்ட பெரும் அமெரிக்கப் பரீட்சையே அவ்வச்சத்தின் ஊற்று. அதில் பங்குகொண்ட 16,608 பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கழிந்தவர்களே பெரும்பாலர். அறுபது வயதுக்குட்பட்ட, கடுமையான வெப்பால் வருந்தும் பெண்களுள் பெரும்பாலோருக்கு நன்மையே மேலோங்கும் என்பது பிற்காலப் பகுப்பாய்வுகளின் முடிபு. மார்புப் புற்றுநோய் கண்டவர்களுக்கு அச்சிகிச்சை பொதுவாக ஒவ்வாது. அசைவு குன்றியோருக்குக் குருதியுறைவு பற்றிய எச்சரிக்கை வேண்டும். இவை நிறுத்தி நிதானித்து முடிவெடுப்பதற்கான காரணங்கள்; பேச்சையே தவிர்ப்பதற்கான காரணங்கள் அல்ல. நரம்பியல் நிபுணர் பெண்நோயியல் நிபுணரிடமும், அவர் மீண்டும் நரம்பியல் நிபுணரிடமும் அனுப்பிக்கொண்டிருக்க, நோயாளி இரு கதவுகளுக்கிடையே நிற்கின்றாள். ஓமோன் சிகிச்சை நரம்பு நோயைக் குணமாக்கும் என நாம் கூறவில்லை. அவளுடைய துன்பத்துக்கு ஒரு வைத்தியராவது பொறுப்பேற்க வேண்டும் என்றே கூறுகின்றோம்.

பூமத்தியரேகையை அண்டிய எமது தீவில் இந்நோய் அரிது. பின் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். அரிதான நோயுடையவளே மிகத் தனித்தவள் என்பது முதல் விடை. இரண்டாவது விடை, குளிர்நாடுகளில் பிறந்து வளர்வோருக்கு இந்நோயின் அபாயம் கூடுதல் என்பது. 1983இன் பின் இங்கிருந்து பெயர்ந்த குடும்பங்களில் லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிறந்த மகளிர் இப்பொழுதுதான் நாற்பதுகளை எட்டுகின்றனர். மாதவிடாய் பற்றி வாய் திறவாத எமது வழக்கத்தை அவர்களுக்கும் சீதனமாகக் கொடுத்தனுப்பியுள்ளோம்.

எமது கோரிக்கைகள் எளியன. நரம்பியல் சிகிச்சை நிலையத்தில் வயதைக் கேட்பதுபோல் மாதவிடாயின் நிலையையும் கேட்டுக் குறித்தல் வேண்டும். மருந்துப் பரீட்சைகள் 55இல் கதவடைத்தல் ஒழிய வேண்டும். மருத்துவ பீடங்களில் இவ்விரு பாடங்களும் ஒரே உடலைப் பற்றியவை எனக் கற்பிக்கப்பட வேண்டும். நாளை வைத்தியராகப் போகும் மாணவருக்கு இறுதியாக ஒன்று: உங்கள் முன் அமரும் பெண் “இது வேறு களைப்பு” என்று கூறினால், அவளது வயதைக் காட்டி அவள் வாயை அடைக்காதீர்கள். இருபதாண்டுகளாக அந்நோயுடன் வாழ்ந்தவள் அவள். அதனைப் பற்றிய உங்கள் கல்வி அவளிடமிருந்தே தொடங்கட்டும்.